பின்சீட்டில் மூன்று பேர்

எனக்குப் போமன்களைக் கண்டாலே ஆகாது. மெக்கானிக்கை இந்த நாட்டில் நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். என் சாப்பாட்டுக் கடை வேனை வைத்துக்கொண்டு அவர்களிடம் நான் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. பிரேக்கைப் பார்க்கச் சொன்னால் கிளட்சைக் கழற்றி வைத்திருப்பான். ஏனென்று கேட்கப் போனால் டீ குடிக்கப் போயிருப்பான். அதனால் பக்கத்து வீட்டு ஆக்னஸ், வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு ஒரு பழைய ஜெர்மன் காரை வாங்கிவந்து, மம்பாவில் எங்கள் தாமான் குடியிருப்பு வாசலில் நிறுத்தியபோது, நான் வாழ்த்து ஒன்றும் சொல்லவில்லை.

“தங்கச்சி, யானையை வாங்கிட்டே. தீனி யாரு போடுவா?” என்றேன்.

“யானை இருந்தாலும் ஆயிரம் பொன், செத்தாலும் ஆயிரம் பொன் நானா,” என்று சொல்லிவிட்டு அவள் பக்கெட்டையும் துணியையும் எடுத்துக் கழுவ ஆரம்பித்துவிட்டாள். எங்கள் முஸ்லிம் வீடுகளில் அண்ணனை நானா என்போம்; அவளும் என்னை அப்படித்தான் கூப்பிடுவாள்.

வெள்ளை நிறம். நீளமென்றால் அப்படி ஒரு நீளம். மூக்கு அவள் வீட்டு வாசலில் இருந்தால் வால் என் வீட்டு வாசலில் இருக்கும். ஒரு காலத்தில் சிரம்பானில் யாரோ ஒரு சீன முதலாளி, தவுக்கே, ஏறிப் போன கார். நான்தான் அதற்குத் துரை என்று பெயர் வைத்தேன். எஸ்டேட்டை ஆண்ட வெள்ளைக்கார மேனேஜரை அந்தக் காலத்தில் துரை என்பார்கள். அதே நிறம், அதே மிடுக்கு. நாலு பேர் சுற்றி நின்று ஏவல் செய்தால்தான் நகரும் என்பதும் பிறகு தெரியவந்தது.

ஆக்னஸ் ரந்தாவ் பக்கம் புக்கிட் மெலூர் எஸ்டேட்டில் பிறந்தவள். அப்பா, அம்மா இருவரும் பால்மரம் சீவியவர்கள். அவள் கல்யாணத்தன்று மாதா கோயிலுக்குப் போகச் சொல்லிவைத்திருந்த டாக்சி வரவில்லை. ரப்பர் பால் இறக்கிவிட்டு வந்த எஸ்டேட் லோரிதான் கையில் அகப்பட்டது. வெள்ளைச் சேலையும் தலையில் வலையுமாக அதில் ஏறிக்கொண்டு போனாள். ரப்பர் பால் காய்ந்த லோரி எப்படி நாறும் என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும். வழி நெடுக டிரைவரிடம் அவள் பேசியது ஒரே பேச்சுதான்: “வேகமா போங்கண்ணே, யாரும் பாக்கறதுக்குள்ள.”

இதை அவள் சிரித்துக்கொண்டேதான் சொல்வாள். ஆனால் சொல்லும்போது கையில் பாத்திரம் இருந்தால் அதை வெகுநேரம் அழுத்தித் தேய்ப்பாள்.

கல்யாணத்துக்குப் பிறகு சுங்கை காடுட்டில் ஒரு எலக்ட்ரானிக் தொழிற்சாலையில் சேர்ந்தாள். வருகிற சாமான்களில் நல்லது எது, கெட்டது எது என்று பார்க்கிற பிரிவு. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிற வேலை என்பார்களே, அது. கடைசியில் அந்தப் பிரிவுக்கே அவள்தான் சூப்பர்வைசர். அவள் புருஷன் யாகப்பன் நல்ல மனிதன், பயந்த சுபாவம். மகன் கீத் சிங்கப்பூரில் வேலை செய்கிறான். வீட்டில் இரண்டே பேர். அந்த இரண்டு பேருக்கு எதற்கு இவ்வளவு பெரிய கார் என்று நான் கேட்டதற்கு, அவள் சொன்ன பதில் இதுதான்.

“எங்களுக்கு இல்ல நானா. கல்யாணப் பொண்ணுங்களுக்கு. வாடகைக்கு விடப்போறேன், நானே ஓட்டப்போறேன். எஸ்டேட்டுப் பொண்ணு ஒருத்தி கூட இனிமே லோரியில போகக்கூடாது.”

ஆரம்பத்தில் எல்லாம் நன்றாகத்தான் போயிற்று. பானட்டில் ரிப்பன் கட்டி, ரோஜா வைத்து, ஆக்னஸ் வெள்ளைச் சட்டை போட்டு ஸ்டியரிங்கில் உட்கார்ந்தால், பெண் வீட்டுக்காரர்கள் மாப்பிள்ளையை விட்டுவிட்டுக் காரோடுதான் படம் பிடித்துக்கொள்வார்கள். பிறகுதான் பிரியாணிக் கல்யாணம் வந்தது.

பெண்ணின் பெயர் பமீலா. சாப்பாடு என் பொறுப்பு. பிரியாணி அண்டாவோடு என் வேன் முன்னால் போக, பின்னால் துரை வருகிறார். சந்திப்பு விளக்கு பச்சையானது. நான் நகர்ந்தேன். துரை நகரவில்லை. இன்ஜின் செத்துப் போயிருந்தது. ஆக்னஸ் சாவியைத் திருப்பத் திருப்ப மோட்டார் சுற்றுகிறதே தவிர உயிர் வரவில்லை. பின்னால் ஹாரன் சத்தம். கோயிலில் பாதிரியார் காத்திருக்கிறார். கடைசியில் பெண்ணையும் இரண்டு தோழிகளையும் என் வேனில் ஏற்றினேன். பமீலா அண்டாவைப் பிடித்துக்கொண்டு கோயில் வாசலில் வந்து இறங்கினாள். யாரோ ஒரு புண்ணியவான் அதை வீடியோ பிடித்து வாட்ஸ்அப்பில் விட்டான். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? சிரம்பான் முழுக்கச் சிரித்தது.

இதில் எரிச்சலான விஷயம் என்னவென்றால், பெண் இறங்கிப் போன பிறகு ஆக்னஸ் சாவியைத் திருப்பினால், துரை ஒன்றும் நடக்காததுபோல் கிளம்பிவிட்டார்.

கொஞ்ச நாளில் பக்கத்து ராசா பகுதியில் இன்னொரு கல்யாணம். அங்கேயும் இதே கதை. நடுத்தெருவில் நின்றார், எல்லோரும் இறங்கியதும் கிளம்பினார். அதன் பிறகு ஆக்னஸுக்கு வரவேண்டிய கல்யாணங்கள் ஒவ்வொன்றாக வேறு கார்களுக்குப் போயின. இடையில் அவள் ஏறி இறங்காத ஒர்க்ஷாப் இல்லை. ஒருவன் பேட்டரி என்றான். ஒருவன் சென்சார் என்றான். இன்னொருவன் கம்ப்யூட்டர் மூளையே போய்விட்டது என்று அதையும் மாற்றினான். எந்த ஒர்க்ஷாப்பிலும் துரை நிற்கவே இல்லை என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும். அங்கெல்லாம் சமர்த்தாக ஓடினார். நிற்காத காரில் நிற்கிற வியாதிக்கு மருந்து கொடுத்துக்கொண்டே இருந்தார்கள். குருட்டாம்போக்கு வைத்தியம்.

யாகப்பன் ஒருநாள் பொறுமையிழந்தான். “போதும் ஆக்னஸ். ஓய்வுக் காசு பூரா இதுல கரையுது. பெசி புரோக் காரன் கிட்டத் தள்ளிடுவோம்,” என்றான். பழைய இரும்புக்காரனைத்தான் சொல்கிறான். ஆக்னஸ் அவனை ஏறிட்டுப் பார்த்தாள்.

“ரவி மக கல்யாணம் ஒண்ணு இருக்கு. எங்க எஸ்டேட்டுல. அதுல நின்னுச்சுன்னா நானே தள்ளிவிடறேன்,” என்றாள். சொன்னால் செய்கிறவள் அவள்.

ரவி என்பது ரவிச்சந்திரன். புக்கிட் மெலூரில் ஆக்னஸ் இருந்த லயத்து வரிசை வீடுகளில் அடுத்த வீட்டுப் பையன். இப்போது அங்கே எண்ணெய் எடுக்கிற செம்பனைத் தோட்டத்தில் மண்டோர், அதாவது கங்காணி. அவன் மகள் மோகனாவுக்கு எஸ்டேட் மாரியம்மன் கோயிலில் கல்யாணம். சிரம்பானில் அலங்காரம் முடித்த பெண்ணை முகூர்த்தத்துக்குள் கோயிலில் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். ஆக்னஸ் காரில்தான் போவேன் என்று மோகனாவே கேட்டிருக்கிறாள். ஆனால் பிரியாணி வீடியோவைப் பார்த்த பிறகு ரவிச்சந்திரன் போன் செய்தான். ஆக்னஸ் ஸ்பீக்கரில் போட்டதால் எனக்கும் கேட்டது.

“அக்கா, தப்பா நெனைக்காதீங்க. என் அண்ணன் மகன் கார் பின்னாலேயே வரும். ரிசர்வுக்கு. மாலைக் கூடையும் மோகனா அத்தையும் அதுலயே வரட்டும். ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா...”

“சரி ரவி,” என்றாள் ஆக்னஸ். போனை மேசைமேல் குப்புற வைத்தாள். மாலையைக் கூட நம்பித் தர மாட்டேன் என்கிறான் கூடப் பிறக்காத தம்பி. எனக்குக் கோபம் மூக்கின் மேல் வந்தது. அவளுக்குக் கோபம் வரவில்லை, யோசனை வந்தது.

“நானா, இத்தன நாளும் நான் தப்பா சோதிச்சிருக்கேன்,” என்றாள். “காரைச் சோதிக்கறதுக்கு முன்னாடி போமனைச் சோதிக்கணும்.”

அவள் தொழிற்சாலையில் ஒரு பழக்கம் உண்டாம். சாமான்களைப் பார்க்கிற பெண்கள் உண்மையிலேயே பார்க்கிறார்களா, சும்மா முத்திரை குத்துகிறார்களா என்று தெரிந்துகொள்ள, நல்ல சாமான்களுக்கு நடுவே கெட்டுப்போன ஒன்றை சூப்பர்வைசரே சொருகிவிடுவாள். குறை என்னவென்று அவளுக்கு மட்டும் தெரியும். கண்டுபிடிப்பவள் கெட்டிக்காரி. கண்டுபிடிக்காமல் முத்திரை குத்துபவளுக்கு அன்றைக்கு அர்ச்சனைதான். அந்தத் தந்திரத்தை இப்போது போமன்களிடம் காட்டப் புறப்பட்டாள். பானட்டைத் திறந்து ஹாரனுக்குப் போகிற ஒயரைத் தன் கையாலேயே கழற்றிவிட்டாள். கழன்ற ஒயரை மறுபடி சொருகினால் ஹாரன் அடிக்கும், அவ்வளவுதான் வைத்தியம்.

வேடிக்கை பார்க்க நானும் போனேன். கடையை என் மனைவி ஹசீனா பார்த்துக்கொண்டாள். பாரோயில் ஒரு பெரிய ஒர்க்ஷாப். குளிர் அறை, காப்பி, பத்திரிகை எல்லாம் உண்டு. உள்ளேயிருந்து ஒருவர் வந்து, ஹாரனே செத்துப் போச்சு, ஜெர்மனியிலிருந்து வரவழைக்கணும் என்றார். அடுத்த இடத்தில், ஸ்டியரிங்கையே பிரித்து உள்ளிருக்கிற ஒயர்க் கட்டு முழுவதையும் மாற்றினால்தான் சரிவரும் என்றான் ஒருவன். பானட்டைத் திறக்கக் கூட இல்லை. எனக்கு அவன் சட்டையைப் பிடிக்கலாம் போலிருந்தது. ஆக்னஸ் “ரொம்ப நன்றி தம்பி” என்று அழகாகச் சொல்லிவிட்டு வந்தாள்.

மூன்றாவதாகப் போனது சுங்கை காடுட்டில் தொழிற்சாலைகளுக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட ஒரு ஒர்க்ஷாப். சசிதரன் என்பவன் நடத்துகிறான். ஜெர்மன் கார்களை மட்டும் பார்க்கிறவன். ஏதோ கம்பெனியில் படித்துப் பயிற்சி எடுத்து வேலை செய்தவன், பிறகு தனியாக வந்துவிட்டான் என்று கேள்வி. வாய்த்துடுக்கு ஜாஸ்தி. பானட்டைத் திறந்தான். குனிந்தான். ஒயரைச் சொருகினான். ஆக்னஸை ஹாரன் அடிக்கச் சொன்னான். அடித்தது.

“முடிஞ்சுச்சு. காசு வேணாம்,” என்றவன், பானட்டை மூடாமல் அவளைப் பார்த்தான். “ஆனா ஒண்ணு அக்கா. இது தானா கழண்டது இல்ல. கிளிப்பை அமுக்கி யாரோ கழட்டியிருக்காங்க. உங்களுக்கு வேண்டாதவங்க யாராச்சும் இருக்காங்களா?”

நான் சிரித்துவிட்டேன். ஆக்னஸும் சிரித்து உண்மையைச் சொன்னாள். அவனுக்கு முகம் சிவந்துவிட்டது.

“என்னையா சோதிச்சீங்க? எனக்கு வேற வேல இல்லையா?”

“கோவிச்சுக்காதே தம்பி. பாஸ் பண்ணிட்டே. இப்பத்தான் உண்மையான கேள்வியே இருக்கு,” என்று சொல்லி, இரண்டு கல்யாணத்தின் கதையையும் அவனிடம் கொட்டினாள்.

சசிதரன் காரை வைத்துக்கொண்டு பார்த்தான். ஓட்டிப் பார்த்தான், வெயிலில் நிறுத்திப் பார்த்தான், கோளாறு காட்டுகிற மிஷினைச் சொருகிப் பார்த்தான். துரை வழக்கம்போல் யோக்கியராக நடந்துகொண்டார். அவன் ஆக்னஸைக் கூப்பிட்டு, “எனக்குத் தெரியல அக்கா,” என்றான். “தெரியாம எதையும் மாத்த மாட்டேன்.”

அத்தனை போமன்களில் தெரியவில்லை என்று சொன்ன முதல் ஆள் அவன்தான். என் கடையில் உப்புப் போட மறந்துவிட்டேன் என்று ஒப்புக்கொள்கிற சமையல்காரனைத்தான் நான் கடைசிவரை வைத்துக்கொள்வேன். அந்த நிமிடத்தில் எனக்கு அவனைப் பிடித்துவிட்டது. இதை அவனிடம் இன்றுவரை சொல்லவில்லை.

ஆக்னஸ் சோர்ந்து போகவில்லை. “உன் ஒர்க்ஷாப்புல அது நிக்கல. யாரு ஒர்க்ஷாப்புலயும் நிக்கல. கல்யாணத்துல மட்டும் நிக்குது,” என்றாள். “அப்ப கல்யாணத்துல இருந்து ஒர்க்ஷாப்புல இல்லாதது என்ன? பேக்டரியில அப்படித்தான் பாப்போம். தப்பு வந்தப்ப என்னென்ன இருந்துச்சோ அத்தனையும் திரும்பக் கொண்டாந்து வைப்போம்.”

“அதுக்கு?” என்றான் சசிதரன்.

“ஒரு கல்யாணம் பண்ணுவோம் லா.”

இப்படித்தான் ஒரு வியாழக்கிழமை மதியம், கடையில் கூட்டம் குறைந்த நேரத்தில், எனக்கு இரண்டாம் தடவை கல்யாண ஊர்வலம் நடந்தது. துரைக்கு ரிப்பன், ரோஜா, ஏ.சி. எல்லாம் கல்யாண நாள் போலவே. ஸ்டியரிங்கில் ஆக்னஸ். பக்கத்தில் சசிதரன், மடியில் மிஷின். பின்சீட்டில் மூன்று பேர் வேண்டும் என்றாள் ஆக்னஸ், ஏனென்றால் பமீலா கல்யாணத்திலும் ராசா கல்யாணத்திலும் பின்னால் மூன்று பேர். ஒரு பக்கம் யாகப்பன், மறுபக்கம் ஹசீனா, நடுவில் நான். எனக்கு உடம்பு கொஞ்சம் கனம். கொஞ்சம் என்று நான் சொல்கிறேன். ஹசீனாவைக் கேட்டால் வேறு சொல்வாள்.

தாமானைச் சுற்றி ஊர்வல வேகத்தில் போனோம். பாதையோரம் நின்றவர்கள் குனிந்து குனிந்து பார்த்தார்கள். என் கடை வாடிக்கைக்காரர் ஒருவர் மோட்டார் சைக்கிளை நிறுத்தி, “பாய், இந்த வயசுல யாருக்குக் கல்யாணம்?” என்று கேட்டார். ஹசீனா முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள். நான் பதில் சொல்ல வாயெடுத்தபோது, சரியாக என் கடை வாசலில், இன்ஜின் செத்தது.

கார் நின்றுபோனதற்குக் கைதட்டிச் சிரித்த ஆளை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். ஆக்னஸ் சிரித்தாள், கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். “நின்னுருச்சு, நின்னுருச்சு,” என்கிறாள், லாட்டரி விழுந்தவள் மாதிரி.

“யாரும் இறங்காதீங்க,” என்றான் சசிதரன். “ஒவ்வொருத்தரா சொல்றேன். முதல்ல யாகப்பன் அண்ணன் மட்டும் இறங்குங்க.”

யாகப்பன் இறங்கினான். சாவி திருப்பினார்கள். கிளம்பவில்லை. ஹசீனா இறங்கினாள். கிளம்பவில்லை. பிறகு அவன் என்னைப் பார்த்து, “பாய், லேசா எந்திரிங்க,” என்றான். முன்சீட்டைப் பிடித்துக்கொண்டு எழும்பினேன். துரை உயிர் பெற்றார். “உட்காருங்க.” உட்கார்ந்தேன். செத்தார். எழுந்தேன். கிளம்பினார். இப்படி என் கடை வாசலில், என் பணியாளர்கள் எல்லோரும் பார்க்க, ஒரு ஜெர்மன் காரை என் பின்பக்கத்தால் ஓட்டி நிறுத்தினேன். மானம் போனதைப் பற்றி அன்று எனக்குக் கவலையே இல்லை. என்னுடைய கனத்தால் ஒருவருக்கு உபகாரம் ஆனது அதுதான் முதல் தடவை.

சசிதரன் பின்சீட்டின் மெத்தையை அப்படியே தூக்கி வெளியே வைத்தான். அடியில் ஒரு ஒயர்க் கட்டு ஓடியது. அதன்மேல், நட்டநடுவில், ஒரு சிறிய நீல வெல்வெட் பை கிடந்தது. நசுங்கி, ஓரம் கிழிந்திருந்தது. கிழிசலில் பித்தளை பளபளத்தது.

ஆக்னஸின் சிரிப்பு நின்றது. கை நீட்டி அதை எடுத்தவள் அவள்தான்.

உள்ளே கிறிஸ்தோபர் பதக்கம். பயணம் போகிறவர்களைக் காக்கிற புனிதர் என்று அவர்கள் நம்புகிறவர். ஐம்பது சென் காசைவிடப் பெரியது, தடித்த விளிம்பு. பெட்ரோலைத் தள்ளுகிற பம்ப்புக்குப் போகிற ஒயர் அதற்கு நேர் கீழே. யாராவது நடுவில் உட்காரும்போதெல்லாம் பதக்கத்தின் விளிம்பு ஒயரை அழுத்தி அழுத்தி, உள்ளிருந்த செம்பு இழைகள் ஒவ்வொன்றாக அறுந்து, மிச்சம் இரண்டு இழையில் உயிர் தொங்கிக்கொண்டிருந்தது. கனத்தோடு கொஞ்சம் குலுங்கினால் விலகும், எழுந்தால் ஒட்டும். முன்சீட்டிலேயே உட்கார்ந்து ஓட்டிப் பார்க்கிற போமன்களுக்கு அது எப்படித் தெரியும்?

“நான்தான் வச்சேன்,” என்றாள் ஆக்னஸ். குரல் இறங்கியிருந்தது. “கார் வாங்கினப்ப ஃபாதர் கிட்ட மந்திரிச்சு வாங்கினேன். முன்னாடி கண்ணாடியில மாட்டலாம்னு பாத்தேன். ஆனா இந்தக் காருல இந்துப் பொண்ணு வருவா, உங்க ஆளுங்க வீட்டுப் பொண்ணு வருவா. யாரு மனசாவது கோணிடுமோன்னு பயந்து, பொண்ணு உட்கார்ற எடத்துக்கு அடியில காவலா வச்சேன்.”

எங்கள் ஊரில் மட்டும்தான் இப்படி ஒரு தப்பு நடக்கும். பக்கத்து ஆள் மனம் நோகக் கூடாது என்று சாமியை ஒளித்துவைத்து, அந்தச் சாமியே வண்டியை நிறுத்துகிற தப்பு. நான் அந்தப் பையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஹசீனாதான் பேசினாள்.

“அவரு காவல்தான் இருந்தாரு ஆக்னஸ். இவரு போயி அவரு மேல உட்கார்ந்தா அவரு என்ன செய்வாரு?” என்றாள். “இனிமே முன்னாடி மாட்டு. ஒளிச்சு வச்சாத்தான் சந்தேகம்.”

சசிதரன் புது ஒயர் போட்டு, அதற்கு மேலே கெட்டிக் குழாய் மாட்டி, ஓரமாக ஒதுக்கி இறுக்கினான். பிறகு என்னை நடுவில் உட்காரவைத்து மேடு பள்ளம் பார்த்துப் பார்த்து ஓட்டினான். துரை ஒரு தடவை கூட இருமவில்லை. பதக்கத்தை ஆக்னஸ், டிரைவர் பின்னால் பார்க்கிற கண்ணாடியில் தொங்கவிட்டாள்.

கல்யாண நாள் காலையில் மழை பெய்து ஓய்ந்திருந்தது. “நீங்க முன்னாடி உட்காருங்க நானா, உங்க ஒடம்புதான் எனக்கு ராசி,” என்று ஆக்னஸ் சொன்னதால் நானும் போனேன். யாகப்பன் தன் மோட்டார் சைக்கிளில் கோயிலுக்கு முன்னாலேயே போய்விட்டான். வீட்டில் இருந்தால் நகம் கடித்தே செத்திருப்பான். சிரம்பானில் அலங்காரக் கடை வாசலில் மோகனா பட்டும் நகையுமாக, தோழி ஒருத்தியோடு வந்து ஏறினாள். ஏறியதும் கண்ணாடியில் தொங்கிய பதக்கத்தைப் பார்த்தாள்.

“யாரு ஆன்ட்டி இது?”

“வழிக்குத் துணை,” என்றாள் ஆக்னஸ்.

மோகனா தலையிலிருந்து ஒரு முழம் மல்லிகையைக் கிள்ளி என்னிடம் கொடுத்து அதில் சுற்றச் சொன்னாள். கூட வந்திருந்த அவள் சித்தப்பா நாலு டயருக்கடியிலும் எலுமிச்சம்பழம் வைத்தார். நான் வாய்க்குள் பிஸ்மில்லா சொன்னேன். மூன்று மதமும் சேர்ந்து ஒரு காரைத் தள்ளியதை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள்.

பின்னால் ரிசர்வ் கார் வந்தது. ரவிச்சந்திரனின் அண்ணன் மகன் சந்திரனுடையது. புத்தம் புதுசு. இளவட்டங்கள் செய்வதுபோல் ஸ்பிரிங்கை வெட்டித் தரையோடு தரையாக இறக்கி வைத்திருந்தான். அதில் அத்தையும் மாலைக் கூடையும். தார்ச் சாலை இருந்தவரை எங்கள் வாலையே மோந்துகொண்டு வந்தான். எப்போது நிற்போம் என்று காத்திருக்கிற மாதிரி. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

எஸ்டேட் எல்லையில் தார் முடிந்து செம்மண் பாதை ஆரம்பித்தது. செம்பனை லோரிகள் போய்ப் போய் நடுவில் முதுகெலும்பு மாதிரி மேடு கட்டியிருந்தது. மழையில் எல்லாம் குழைந்து கிடந்தது. துரை அந்த மேட்டைத் தாண்டி அசைந்து அசைந்து போனார். பின்னாலிருந்து ‘கர்ர்’ என்று ஒரு சத்தம். திரும்பிப் பார்த்தேன். சந்திரன் கார் மேட்டில் வயிறு தட்டி, நாலு சக்கரமும் சேற்றில் சுற்ற, ஆமை மாதிரி உட்கார்ந்திருந்தது.

ஆக்னஸ் நிறுத்தினாள். இன்ஜினை அணைக்கவில்லை. முகூர்த்தம் நெருங்கிக்கொண்டிருந்தது. மாலை இல்லாமல் கல்யாணம் ஏது? அத்தை மாலைக் கூடையைத் தலைமேல் தூக்கிக்கொண்டு சேற்றில் தள்ளாடி வந்தார்.

“ஆக்னஸு, என்னையும் ஏத்திக்கம்மா.”

பின்சீட்டில் மோகனா ஒரு பக்கம், தோழி ஒரு பக்கம். மிச்சமிருந்தது நடு இடம். அத்தையின் பருமனைப் பார்த்து எனக்கே மூச்சு முட்டியது; என்னைவிட ஒரு சுற்று அதிகம். அவர் கூடையோடு தொப்பென்று உட்கார்ந்தார். சீட் இறங்கியது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். ஆக்னஸ் மூடவில்லை. கண்ணாடியில் பின்னால் பார்த்துக்கொண்டே காலை மெல்ல அழுத்தினாள்.

துரை ஏறினார். சேற்றை இரண்டு பக்கமும் வாரி இறைத்துக்கொண்டு, ஒரு முனகல் இல்லாமல், லயங்களைத் தாண்டி, கோயில் மேட்டில் ஏறி நின்றார். நாதஸ்வரக்காரர்கள் வாசிப்பதைப் பாதியில் நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். ரவிச்சந்திரன் ஓடிவந்து கதவைத் திறந்தான். மகள் இறங்கினாள், தோழி இறங்கினாள், பிறகு அவன் ரிசர்வ் காரில் அனுப்பிய அத்தையும் மாலைக் கூடையும் இறங்கின. அவன் ஆக்னஸைப் பார்த்தான். இரண்டு கையாலும் மாலைக் கூடையை வாங்கிக்கொண்டான்.

“மாலை பத்திரம் ரவி,” என்றாள் ஆக்னஸ். நானாக இருந்தால் நாலு பக்கம் பேசியிருப்பேன்.

கல்யாணம் முடிந்து, வாழை இலையில் சாப்பிட்டு, வெற்றிலை போட்டுக்கொண்டு வந்தபோது, பந்தலில் நின்றிருந்த மூன்று அப்பன்மார் ஆக்னஸிடம் தேதி கேட்டார்கள். யாகப்பனே முன்னால் நின்று பதில் சொல்லிக்கொண்டிருந்தான், காரைத் தானே பெற்ற மாதிரி. பழைய இரும்புக்காரன் பேச்சை அவன் அதன் பிறகு எடுக்கவே இல்லை.

கிளம்புகிற நேரத்தில், கல்யாணத்துக்கு வந்திருந்த சசிதரன் ஆக்னஸிடம் கை நீட்டினான். “சாவியைக் குடுங்க அக்கா. நான் ஓட்டறேன். நீங்க பின்னாடி உட்காருங்க.”

“என்னையா சொல்றே? பின்னாடியா?”

“இந்தக் காரு வாங்கி எத்தனை பொண்ணுங்களை ஏத்தினீங்க. நீங்க ஒரு தடவையாச்சும் பின்னால உட்கார்ந்திருக்கீங்களா?”

அவள் யோசித்துப் பார்த்தாள். உட்கார்ந்ததே இல்லை. யாகப்பன் மோட்டார் சைக்கிளை ரவிச்சந்திரன் வீட்டில் விட்டுவிட்டு வந்து பின்கதவைத் திறந்து பிடித்தான். ஆக்னஸ் ஏறினாள். ஜன்னலோரம் இடமிருந்தும் நடுவிலேயே போய் உட்கார்ந்தாள். லேசாக எழுந்து மறுபடி உட்கார்ந்து பார்த்தாள். இன்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது.

கோயில் மேட்டிலிருந்து கார் இறங்கியது. லயத்து வாசல்களில் பெண்களும் பிள்ளைகளும் நின்றிருந்தார்கள். அவள் கல்யாணத்தன்று லோரி வந்து நின்ற இடமும் அந்தப் பாதையில்தான் இருக்கிறது. யாகப்பன் அதைக் கையால் காட்டினான். ஆக்னஸ் ஜன்னல் கண்ணாடியை இறக்கச் சொன்னாள். கண்ணாடி முழுவதும் இறங்கியதும் முன்னால் குனிந்து சசிதரன் தோளைத் தொட்டாள்.

“மெதுவா போ தம்பி,” என்றாள். “எல்லாரும் பாக்கட்டும்.”

சசிதரன் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தான். கார் நடையாய் நடந்தது.